தண்டவாளத்தில் ஒரு வேதியியல் பாடம்

நாக்பூரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு 'அணு' என்ற ஒரே சொல் மூன்று விதமாகக் காதில் விழுகிறது. மராத்திப் பாடப் புத்தகத்தில் 'அணு' என்றால் ஆங்கிலத்தில் 'ஆட்டம்' என்கிறார்களே, அது. அணுக்கள் சேர்ந்தால் 'ரேணு'. ஹிந்திப் புத்தகத்தைத் திறந்தாலோ 'ஆட்டத்'துக்குப் பெயர் 'பரமாணு'. அங்கே 'அணு' என்பது 'மாலிக்யூல்'. வீட்டில் அம்மாவோ தாத்தாவோ தமிழில் சொல்லிக் கொடுத்தால் 'அணு', 'மூலக்கூறு' என்பார்கள். மராத்தியும் தமிழும் ஒரு பக்கம், ஹிந்தி மறு பக்கம். பள்ளி மாறும் பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்? தனிமம் என்று நாம் சொல்வது ஹிந்தியில் 'தத்வ', மராத்தியில் 'மூலத்ரவ்ய'. சேர்மம் என்பது 'யௌகிக்', 'சம்யுக்'. இந்தச் சின்னப் பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் சொற்களால் வருவதல்ல. நம் பிள்ளைகள் தனிம அட்டவணையை முதலிலிருந்து கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். சமன்பாட்டைச் சமன் செய்கிறார்கள். ஆனால், "ஓர் இரும்பு ஆணி துருப் பிடித்தால் எடை கூடுமா, குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் குறையும் என்பார்கள். பெற்றோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் எடை கூடும். எவ்வளவு கூடும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தக் கணக்கு வந்துவிட்டால் வேதியியலில் பாதி வந்துவிட்டது என்பது என் எண்ணம்.

நான் டிப்ளமா படித்தவன். ரயில்வேயில் பெர்மனெண்ட் வே பிரிவில், அதாவது தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி என்று வெயிலில் நடக்கும் பிரிவில், வேலை பார்த்தவன். எனக்கு வேதியியலைச் சொல்லிக் கொடுத்தது ஆய்வுக்கூடம் அல்ல. தண்டவாளத்தை ஒட்டவைக்கும் தெர்மிட் வெல்டிங். ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அணு. நடுவில் ஒரு கரு. அதில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. அதைச் சுற்றி எலெக்ட்ரான்கள். புரோட்டான் எத்தனை என்பதுதான் ஒரு தனிமத்தின் ஜாதகம். 8 இருந்தால் அது ஆக்ஸிஜன், 13 இருந்தால் அலுமினியம், 26 இருந்தால் இரும்பு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது வேறு தனிமம். இன்று வரை அறியப்பட்ட தனிமங்கள் 118. எடையைப் பொறுத்தவரை புரோட்டானும் நியூட்ரானும் மட்டுமே கணக்கு. எலெக்ட்ரானின் எடையை நாம் விட்டுவிடலாம். ஆக்ஸிஜனில் 8 புரோட்டானும் 8 நியூட்ரானும், ஆக மொத்தம் 16. அலுமினியத்தில் 13-ம் 14-ம், மொத்தம் 27. இரும்பில் பெரும்பாலும் 26-ம் 30-ம், மொத்தம் 56. இந்த மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்: 16, 27, 56. கட்டுரை முழுவதற்கும் இவை போதும்.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று: அயர்ன் என்ற ஆங்கிலப் பெயருக்கு 'ஐ' என்றல்லவா குறியீடு வர வேண்டும், ஏன் 'எஃப்.இ.' என்று போடுகிறார்கள்? லத்தீனில் இரும்புக்கு 'ஃபெர்ரம்' என்று பெயர், அதனால்தான். சோடியத்துக்கு 'நேட்ரியம்', ஆகவே 'என்.ஏ.'. ஈயத்துக்கு 'பிளம்பம்', ஆகவே 'பி.பி.'. பழைய நாளில் குழாய்களை ஈயத்தில் செய்தார்கள். நம் வீட்டுக் குழாயைப் பழுது பார்க்க வருபவரைப் பிளம்பர் என்று அழைப்பது அதனால்தான். இப்படி ஒரு கதையோடு சொன்னால் மறக்காது.

அடுத்தது எலெக்ட்ரான். அணுவுக்கு அணு நடக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லாம் இதன் மூலமாகத்தான். ஆக்ஸிஜனின் வெளிச்சுற்றில் 6 எலெக்ட்ரான்கள். 8 ஆனால்தான் அதற்கு நிம்மதி. ஆகவே எப்போதும் 2 எலெக்ட்ரானுக்குக் கையேந்தி நிற்கும். அலுமினியத்தின் வெளிச்சுற்றில் 3. அவற்றைக் கொடுத்துவிட்டால் அதற்கு நிம்மதி. ஓர் அலுமினியமும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் கணக்கு நேராகாது. 3 வருகிறது, 2 தான் தேவை. 2 அலுமினியம் 6 எலெக்ட்ரான் கொடுக்க, 3 ஆக்ஸிஜன் அந்த 6-ஐ வாங்கிக் கொண்டால் பைசா பாக்கியில்லாமல் கணக்கு முடிகிறது. அலுமினியம் ஆக்ஸைடில் 2 அலுமினியம், 3 ஆக்ஸிஜன் என்று வருவது இதனால்தான். இணைதிறன் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான். இரும்பும் துருவாகும்போது 3 எலெக்ட்ரான் கொடுக்கிறது. ஆகவே அங்கும் 2 இரும்புக்கு 3 ஆக்ஸிஜன்.

இப்போது துருக் கணக்குக்கு வருவோம். 2 இரும்பு என்றால் 56-ஐ இரண்டால் பெருக்கி 112. 3 ஆக்ஸிஜன் என்றால் 48. ஆக, 112 கிராம் இரும்பு காற்றிலிருந்து 48 கிராம் ஆக்ஸிஜனை வாங்கி 160 கிராம் இரும்பு ஆக்ஸைடு ஆகிறது. ஒரு கிலோ இரும்பு முழுவதும் இப்படி மாறினால் கிட்டத்தட்ட 1 கிலோ 430 கிராம். உண்மையான துருவில் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் இன்னும் கூடும். ஆனால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விழுவதால் ஆணி மெலிந்துபோய், எடை குறைந்ததாக நமக்குத் தோன்றுகிறது. உதிர்ந்ததையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். வேதிவினையில் எதுவும் காணாமல் போவதில்லை, புதிதாக முளைப்பதுமில்லை என்று தராசை வைத்து நிலைநாட்டியவர் பிரான்ஸ் நாட்டு லவாய்சியர். 1789-இல் அவர் எழுதிய நூலில் இதைக் காணலாம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-இல், அந்த மேதையின் தலையைக் கில்லட்டினில் வெட்டினார்கள் என்பது வேறு கதை.

இரும்பிடமிருந்து ஆக்ஸிஜனை மீண்டும் பிடுங்க முடியுமா? முடியும். இரும்பைவிட ஆக்ஸிஜன் மீது அதிக ஆசை உள்ள ஒருவரை அழைத்து வர வேண்டும். அவர்தான் அலுமினியம். இரும்பு ஆக்ஸைடுத் தூளையும் அலுமினியத் தூளையும் கலந்து தீ மூட்டினால், அலுமினியம் ஆக்ஸிஜனைத் தன் பக்கம் இழுத்துக் கொள்கிறது. இரும்பு தனியாக, உருகிய நிலையில், நிற்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1899-இல் எஸ்ஸன் நகரத்து டிராம் தண்டவாளங்களை இந்த முறையில் ஒட்டினார்கள். இன்றும் நம் நாட்டில் ரயில் பாதையில், இருந்த இடத்திலேயே தண்டவாளங்களை ஒட்டுவதற்கு இதே வினைதான் பெருமளவு பயன்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். இரும்பு ஆக்ஸைடு 160 கிராம், அலுமினியம் 54 கிராம். உள்ளே போனது 214. வெளியே வருவது இரும்பு 112 கிராம், அலுமினியம் ஆக்ஸைடு 102 கிராம்; அதுவும் 214. லவாய்சியர் சொன்னது சரி. இவற்றோடு கணக்கில் எழுதாத ஒன்றும் வெளியே வருகிறது. அதுதான் வெப்பம். இந்த 214 கிராம் தூளிலிருந்து வரும் வெப்பம் சுமார் 850 கிலோ ஜூல். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கிட்டத்தட்ட 3 லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். ஆனால் அந்த வெப்பம் முழுவதும் ஒரு டம்ளர் அளவுப் பொருளுக்குள் ஒரே நிமிடத்துக்குள் அடைபடுவதால், சூடு சுமார் 2500 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. இரும்பு 1538 டிகிரியில் உருகும். அலுமினியம் ஆக்ஸைடும் 2070 டிகிரி வாக்கில் உருகும். இரண்டும் தண்ணீராக ஓடுகின்றன. இரும்பு கனமானது, அடியில் தங்குகிறது. ஆக்ஸைடு அதில் பாதி கனம்தான், கசடாக மேலே மிதக்கிறது. பாலில் ஆடை மிதப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இந்த நெருப்புக்குக் காற்று வேண்டாம் என்பது ஆச்சரியமான விஷயம். விறகு எரிய வெளியிலிருந்து ஆக்ஸிஜன் வர வேண்டும். இங்கே ஆக்ஸிஜன் இரும்பு ஆக்ஸைடுக்குள்ளேயே இருக்கிறது. மண்ணைப் போட்டு மூடினாலும் அணையாது. ஆனால் தானாகவும் பற்றிக்கொள்ளாது. ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் சும்மா கிடக்கும். மிக அதிகச் சூட்டில் தொடக்கி விட வேண்டும். அதற்கு நாங்கள் பயன்படுத்துவது பார்வைக்கு நம் தீபாவளிக் கம்பி மத்தாப்பு மாதிரியே இருக்கும். மத்தாப்பிலும் அலுமினியத் தூளும் இரும்புத் துகளும் இருப்பவைதாமே!

வேலை நடப்பது இப்படி. இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உயரமும் நேரும் சரிபார்த்து, இரு பக்கமும் மணல் அச்சுகளைப் பொருத்திக் களிமண் போன்ற பசையால் இடுக்குகளை அடைப்பார்கள். முனைகளைப் பர்னரால் செக்கச் சிவக்கச் சூடு செய்வார்கள். மேலே மூசையில் தூளைக் கொட்டி, பற்ற வைத்து, கசடு பிரிந்ததும் அடியைத் திறந்துவிடுவார்கள். உருகிய உலோகம் இடைவெளியில் இறங்கி முனைகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. கெட்டியாகும்போதே உபரியைச் சீவி எடுத்து, பிறகு சாணை பிடிப்பார்கள். ஊற்றி அரை மணி நேரமாவது ஆகாமல் அதன் மேல் வண்டியை விடக் கூடாது.

எவ்வளவு தூள் வேண்டும்? இது பத்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான். ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம். 25 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்ப 1.5 கிலோ இரும்பு தேவை. 112 கிராம் இரும்புக்கு 160 கிராம் ஆக்ஸைடு என்றால் 1.5 கிலோவுக்கு 2 கிலோ 143 கிராம். அலுமினியம் 723 கிராம். ஆனால் நிஜத்தில் ஒரு மூட்டுக்கு வரும் பையின் எடை இதைப் போலப் பல மடங்கு. ஏனெனில் உலோகம் இடைவெளியை மட்டும் நிரப்பினால் போதாது. பழைய முனைகளை உருக்கும் அளவுக்கு வெப்பத்தைக் கொண்டு வர வேண்டும், சுற்றி ஒரு பட்டையாக நிற்க வேண்டும், மேலே வழிந்து நின்று குளிரும்போது ஏற்படும் பள்ளத்தை ஈடுகட்ட வேண்டும். மேலும் தனி இரும்பு மென்மையானது, சக்கரத்தின் கீழ் நசுங்கிவிடும். தண்டவாள எஃகுக்கு நிகராக்கக் கரியும் மாங்கனீஸும் அளவாகச் சேர்ப்பார்கள். அலுமினியம் குறைந்தால் ஆக்ஸைடு மிஞ்சி வெல்டில் தங்கிவிடும். கூடினால் அலுமினியமே எஃகில் கலந்து கெடுத்துவிடும். எனவே ஒரு மூட்டுக்கு ஒரு பை. இதில் பாதி அதில் பாதி என்று கலக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

தூளுக்குப் பெரிய எதிரி ஈரம். 1994-ஆம் வருடம் ஜூலை மாதம், விதர்பாவில் நல்ல மழை விட்டிருந்த ஒரு காலை. பல நாள் கேட்டு வாங்கிய ஒரு மணி நேர டிராஃபிக் பிளாக். வண்டிகளை நிறுத்தி எங்களுக்குப் பாதையைக் கொடுத்திருந்தார்கள். ஒரு குத்தகைதாரர் பைகளைக் கொண்டு வந்திருந்தார். வெல்டர் மிஸ்திரி, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு பையைப் பிரித்துத் தூளைக் கையில் எடுத்து அழுத்தினார். அது உருண்டையாக நின்றது. "கீலா ஹை, சாஹப்" என்றார். குத்தகைதாரரின் ஆள் சிரித்துக்கொண்டே, "2500 டிகிரி நெருப்பு இது. அதில் ஈரம் எங்கே நிற்கப் போகிறது?" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரம் நிற்காது என்பதுதான் ஆபத்தே. சுத்தமான தெர்மிட் வினையில் வாயு எதுவும் உண்டாவதில்லை. உள்ளே போவது தூள், வெளியே வருவது திரவம். அதனால்தான் இத்தனை சூட்டிலும் அது மூசைக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானாலே 8 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். 2500 டிகிரியில் அது இன்னும் பல மடங்கு விரியும். இத்தனையும் உருகிய உலோகத்துக்கு அடியிலிருந்து கிளம்பினால், மூசையில் உள்ளது நின்றவர்கள் மேல் தெறிக்கும். அதோடு அலுமினியம் தண்ணீரையும் விட்டு வைப்பதில்லை. எச்2ஓ-விலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனைத் துரத்தி விடுகிறது. அந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, ஆறும்போது வெளியேற வழியில்லாமல் சிறு துளைகளாக நின்றுவிடும். மேலே சாணை பிடித்தபின் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே வடைக்கு நடுவில் ஓட்டை மாதிரி. குளிர்காலத்தில் விடியற்காலை தண்டவாளம் சுருங்கி இழுபடும் நேரத்தில், அந்தத் துளையிலிருந்து விரிசல் புறப்படும். அப்போது மேலே வருவது சரக்கு வண்டியா, ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டிருக்கும் எக்ஸ்பிரஸா என்று விரிசலுக்குத் தெரியாது.

மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிட்டார். நான் பைகளைத் திருப்பி அனுப்பினேன். அந்த மூட்டு பிஷ் பிளேட்டோடு 11 நாள் கிடந்தது. அத்தனை நாளும் அங்கே வண்டிகள் வேகம் குறைத்துப் போயின. ஒரு மேலதிகாரி, பிளாக்கை வீணாக்கியதற்கு விளக்கம் கேட்டு எழுதினார். மேலே சொன்ன இரண்டு காரணங்களையும் சமன்பாட்டோடு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. எங்கள் இலாகாவில் பதில் வராததுதான் நல்ல பதில்! மிஸ்திரிக்குச் சமன்பாடு தெரியாது. ஆனால் அவர் போட்ட ஒவ்வொரு மூட்டிலும் அவருடைய எண், மாதம், வருடம் எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். இன்றும் அப்படித்தான். எத்தனை வருடம் கழித்து மூட்டு உடைந்தாலும், ஒட்டியவர் யார் என்று கேட்டு வருவார்கள். எந்த மாணவனும் தன் விடைத்தாளுக்கு அத்தனை காலம் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அலுமினியத்துக்கு ஆக்ஸிஜன் மேல் இத்தனை ஆசை என்றால், நம் வீட்டு அலுமினியக் குக்கர் ஏன் துருப் பிடித்து அழியவில்லை? நல்ல கேள்வி. உண்மையில் அது கடையில் வாங்கும்போதே ஆக்ஸிஜனோடு சேர்ந்துவிட்டது. ஆனால் மேல் தோல் மட்டும்தான். அந்த ஆக்ஸைடு தோல் கண்ணுக்குத் தெரியாத மெல்லியது, இறுக்கமானது, உதிராதது; உள்ளே உள்ள அலுமினியத்துக்கு அதுவே கவசம். இரும்பின் துருவோ பஞ்சு மாதிரி. காற்றையும் தண்ணீரையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் இரும்போடு குரோமியம் கலந்திருக்கிறது. குறைந்தது 10.5 சதவீதமாவது இருந்தால்தான் அதற்குத் துருப்பிடிக்காத எஃகு என்று பெயர். அங்கே கவசம் போடுவது குரோமியம் ஆக்ஸைடு. டெல்லி மெஹ்ரௌலியில் 1600 வருடமாக நிற்கும் இரும்புத் தூணுக்கும் ஒரு கவசம் உண்டு. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் உண்டான மெல்லிய படலம் அதைக் காக்கிறது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். டெல்லி போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வேதியியல்தான். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் மேலுள்ள கறுத்த ஆக்ஸைடைக் கரைத்துவிடுகிறது. சோப்பால் அது ஆகாது. எந்தப் பாட்டியும் சமன்பாடு எழுதித் தேய்த்ததில்லை.

தெர்மிட்டை யாரும் வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. பெற்றோர் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக ஆபத்தில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். சம அளவுள்ள நான்கு இரும்பு ஆணிகள், நான்கு கண்ணாடிப் பாட்டில்கள். ஆணிகள் முலாம் பூசாதவையாக இருக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்குங்கள். முதல் பாட்டிலில் நன்றாகக் காய்ந்த ஆணி மட்டும். மருந்து டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் போட்டு இறுக மூடுங்கள். இரண்டாவதில் நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீரை ஆணி முழுகும்படி விளிம்பு அருகே ஊற்றி, மேலே நல்லெண்ணெய் ஒரு விரற்கடை விடுங்கள். கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்று போய்விடும். எண்ணெய் புதுக் காற்றைத் தடுக்கும். மூன்றாவதில் சாதாரணக் குழாய்த் தண்ணீர், ஆணி பாதி முழுகும் அளவு. நான்காவதில் அதே அளவு தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்பு. ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் தினமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதட்டும்.

முதல் இரண்டிலும் துரு அநேகமாக இருக்காது. தண்ணீர் மட்டுமோ காற்று மட்டுமோ போதாது, இரண்டும் வேண்டும் என்று அதிலிருந்து தெரியும். மூன்றாவதில் துரு இருக்கும், நான்காவதில் அதைவிட அதிகமாக. இரும்பு ஓரிடத்தில் எலெக்ட்ரானை விட, வேறோரிடத்தில் ஆக்ஸிஜனும் தண்ணீரும் அதை வாங்கிக்கொள்கின்றன. உப்புத் தண்ணீர் அந்தப் போக்குவரத்துக்குப் பாதையைச் சுலபமாக்கிவிடுகிறது. ஸ்டேஷன்களில் வண்டி நின்ற இடத்தில் கழிவறையிலிருந்து விழுந்தவற்றால் தண்டவாளத்தின் அடிப்பாகம் அரித்துப்போனதை நாங்கள் வருடக்கணக்கில் பார்த்தோம். பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை குறைந்தது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலமும் கடல் உப்போடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதன் மேல் வண்டி ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு உப்புக் காற்றைத் தாங்கும் சிறப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ராமேஸ்வரம் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் பிள்ளைகளை உட்கார வைத்து, நான்காவது பாட்டிலின் நோட்டையும் கையோடு எடுத்துப் போகலாம்.